பட்டியலில் ஐஸ் இல்லை

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நான், என் மனைவி, குட்டிப்பெண் மூவரும் சுகம். அங்கே நீயும் அத்தானும் சுகம்தானே? அத்தான் முதுகுக்குப் பெல்ட் கட்டிக்கொள்கிறாரா, இல்லை ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாரா?

ஆபீசில் எனக்குப் புது வேலை. மின்கட்டண ஆணையத்தில் இத்தனை வருஷமாக அடுத்தவர்கள் எழுதியதைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவனை, இப்போது நீயே எழுது என்று உட்கார வைத்துவிட்டார்கள். விஷயம் இதுதான். நாடு முழுக்க சோலார் தகடுகள் வைத்தாகிவிட்டது. மத்தியானம் கரண்ட் வழிகிறது, எடுத்துக்கொள்ள ஆள் இல்லை. சூரியன் இறங்கியதும் வீட்டுக்கு வீடு விளக்கும் அடுப்பும் ஒரே நேரத்தில் போடுகிறார்கள். உடனே கரி எரிக்கும் பழைய நிலையங்களை ஓடவிடுகிறோம். மத்தியானம் சும்மா கிடைப்பதைக் கொட்டிவிட்டு, சாயங்காலம் புகையைக் காசு கொடுத்து வாங்குகிறோம். இப்படியே எத்தனை காலம் ஓட்டுவது? என் பெண் பெரியவளாகும்போது அவளுக்கு மூச்சு விடக் காற்று வேண்டாமா? அதனால், வேலையைப் பகலுக்கு மாற்றிக்கொள்ளக்கூடிய தொழில்களுக்குப் பகலில் கட்டணத்தைக் குறைப்பது, சாயங்காலம் எல்லோருக்கும் கூட்டுவது என்று ஒரு யோசனை.

உன் ஐஸ் கம்பெனி ஞாபகம் வந்தது. ராத்திரி முழுக்க மெஷின் ஓட்டுகிறீர்களே, ஏன் ராத்திரி? சாயங்காலம் கொஞ்ச நேரம் நிறுத்தினால் ஐஸ் கெட்டுவிடுமா? விவரமாக எழுது. போனில் கேட்டால் உன் வேகத்துக்கு என்னால் எழுதிக்கொள்ள முடியாது.

ஊருக்கு எப்போது வருகிறாய் என்று ஆரம்பிக்காதே. வேலை கழுத்தை நெரிக்கிறது.

அன்புடன்,
தம்பி

ஜனவரி 17

என் அருமைத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். எங்கள் இருவருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது. பெல்ட் ஆணியில்தான் தொங்குகிறது. ஆணிக்கு இனிமேல் முதுகுவலியே வராது என்று அத்தானிடம் சொல்லிவிட்டேன்.

இத்தனை மாதம் கழித்து எழுதுகிறானே, வராமல் இருந்ததற்கு எனக்கு ஐஸ் வைக்கத்தான் எழுதுகிறான் என்று நினைத்துப் பிரித்தேன். பார்த்தால், ஐஸ் எப்படிச் செய்வது என்று கேட்டிருக்கிறாய். சரி, எழுதிக்கொள்.

பெரிய தொட்டி நிறைய உப்புத்தண்ணீர். உப்புத்தண்ணீர் லேசில் உறையாது. மெஷின் அதை ஐஸைவிடக் குளிராக்கிவிடும். அதற்குள் நல்ல தண்ணீர் ஊற்றிய தகர டப்பாக்களை வரிசையாக இறக்கி, மேலே கனமான பலகைகளைப் போட்டு மூடிவிடுவோம். டப்பாவுக்குள் இருக்கும் தண்ணீர் ஓரத்திலிருந்து உறைந்துகொண்டே நடுவுக்கு வரும். முழுக்கட்டியாக ஒரு நாள் பிடிக்கும். அந்தக் கட்டியைத்தான் நாங்கள் 'பார்' என்கிறோம். ஏன் ராத்திரி என்றால், என் மாமனார் காலத்திலிருந்தே அப்படித்தான். ராத்திரிக் காற்றில் மெஷினுக்குச் சிரமம் குறைவு. விடிவதற்குள் மீன்பிடிப் படகுகள் கிளம்பிவிடும், படகுக்காரர்களுக்கு ஐஸ் தயாராக இருக்க வேண்டும். பகலில் மெஷின் பேருக்கு ஓடும், பொழுது சாய்ந்த பிறகுதான் முழு மூச்சு.

சாயங்காலம் நிறுத்தலாமா என்று மெஷின்காரரிடம் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நெஞ்சத் துடிக்காம கொஞ்ச நேரம் நிறுத்தி வச்சுப் பாக்கலாமான்னு கேக்குறீங்களேம்மா" என்றார். ஆனால் எனக்கு என்னவோ முடியும் என்றுதான் படுகிறது. மூடிய தொட்டி தன் குளிரைத் தானே வைத்துக்கொள்ளும். செய்து முடித்த பாரை ஐஸ் அறையில் அடுக்கிவிட்டால் நாள்கணக்கில் அப்படியே கிடக்கும். ஐஸுக்கு அவசரமே கிடையாது.

உன் பெண்ணை நான் கடைசியாகப் பார்த்தபோது அவளுக்குப் பல்லே முளைக்கவில்லை. முளைத்தது விழுவதற்குள் ஒருமுறை கூட்டிக்கொண்டு வா.

அக்கா

பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள். இந்தக் கடிதத்தை எழுதும்போது எனக்கு உட்காரவே முடியவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

'ஐஸுக்கு அவசரமே கிடையாது' என்று எழுதியிருந்தாயே, அந்த ஒரு வரியில் எனக்கு முடிச்சு அவிழ்ந்துவிட்டது. கரண்டைச் சேர்த்து வைக்கப் பெரிய பெரிய பேட்டரி வாங்க வேண்டும் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நாட்டில் ஏற்கெனவே சேர்த்து வைப்பவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! தண்ணீரைப் பகலில் மேல்தொட்டிக்கு ஏற்றி வைக்கலாம். மாவு மில்லில் பகலில் அரைத்து வைக்கலாம். காய்கறிக் குளிர்பதனக் கிடங்கைப் பகலில் கூடுதலாகக் குளிர வைத்துவிட்டுச் சாயங்காலம் நிறுத்தலாம். ஐஸ் எல்லாவற்றுக்கும் மேல். இந்தத் தொழில்களையெல்லாம் ஒரு பட்டியலாகப் போட்டு, பட்டியலில் இருப்பவர்களுக்குப் பகல் கட்டணம் குறைவு, பதிலுக்கு அவர்கள் சாயங்காலம் மெஷினை நிறுத்த வேண்டும் என்று எழுதினேன்.

கூட்டத்தில் 'ஒரு ஐஸ் கம்பெனியில் இப்படிச் செய்யலாம் என்கிறார்கள்' என்று ஆரம்பித்தேன். ஆணையத்தின் தலைவர் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். கடைசியில், "நல்லாருக்கு, இதையே வரைவா எழுதுங்க" என்றார். வெளியே வரும்போது பக்கத்து மேஜைக்காரர் மட்டும் சிரித்துக்கொண்டே, "எந்த ஐஸ் கம்பெனி சார் அது?" என்று கேட்டார். தெரிந்தவர்களுடையது என்றேன்.

இப்போதைக்கு இதை யாரிடமும் சொல்லாதே. அத்தானுக்கு என் அன்பு.

தம்பி

பிப்ரவரி 14

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் சுகம். உன் சந்தோஷம் காகிதத்தைத் தாண்டி வந்து எங்களையும் பிடித்துக்கொண்டது. உன் கடிதத்தை அத்தான் இரண்டு தடவை படித்தார். அவர் பேப்பரில்கூட முதல் பக்கத்தைத் தாண்ட மாட்டார்.

உன் கேள்வி மண்டையைக் குடைந்துகொண்டே இருந்ததால், ஒரு நாள் சாயங்காலம் மெஷினை நிறுத்தியே பார்த்துவிட்டேன். மானம் போயிற்று. மெஷின் நின்றால் ஐஸ் என்ன ஆகுமோ என்ற பயத்தில் ஆளாளுக்குப் பலகையைத் தூக்கித் தூக்கிப் பார்த்திருக்கிறோம். இருந்த குளிரெல்லாம் எங்கள் முகத்தில் அடித்துவிட்டுப் போய்விட்டது. காலையில் எடுத்தால் ஒவ்வொரு பாரும் நடுவில் ஓட்டை. படகுக்காரர் ஒருவர் அதைத் தூக்கிக் கண்ணில் வைத்து, "அக்கா, இதுல தூரத்துல மீன் தெரியுது" என்றார். ஊரே சிரித்தது.

மறுவாரம் பகலில் முழு வேகத்தில் ஓட்டினோம். சாயங்காலம் நிறுத்திவிட்டு, ஒருவரும் பலகையைத் தொடக் கூடாது என்று மெஷின்காரரையே அதன்மேல் உட்கார வைத்தேன். ஓட்டை இல்லாமல் பளிங்கு மாதிரி வந்தது. பலகைமேல் ஜம்பமாக உட்கார்ந்திருந்தவருக்கு மூன்று நாள் ஜலதோஷம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எதிர்த்தெரு கிடங்குக்காரர் எங்கள் கட்டடத்தைக் கேட்கிறார். இரும்புச் சாமான் அடுக்க இடம் போதவில்லையாம். கரண்ட் பில்லைப் பிரிக்கவே பயமாக இருக்கிறது, முதுகும் ஒத்துழைக்கவில்லை, கொடுத்துவிடலாம் என்று அத்தான் நினைக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எனக்கு மனசு இல்லை. மெஷின்காரருக்கு இந்த மெஷினைத் தவிர வேறு உலகம் தெரியாது. மற்ற ஆட்களும் போக்கிடம் இல்லாதவர்கள். எனக்குமே, காலையில் எழுந்து ஐஸ் எடுக்காமல் வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஜூன் கடைசிக்குள் பதில் சொல்வதாகக் கிடங்குக்காரரிடம் தவணை கேட்டிருக்கிறேன். பகல் கட்டணம் வந்துவிட்டால் தொழில் பிழைத்துக்கொள்ளும். வராவிட்டால் கட்டடத்தைக் கொடுப்பதைத் தவிர வழியில்லை.

இதை உனக்குச் சிபாரிசாக எழுதவில்லை. அக்கா வீட்டு நடப்பு தம்பிக்குத் தெரிய வேண்டும் என்று எழுதினேன்.

அக்கா

மார்ச் 20

தம்பிக்கு,

இங்கே அனைவரும் சுகம். உன்னிடமிருந்து ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா?

வரைவு வந்துவிட்டது. எங்கள் ஊர் மாவு மில்காரர் அச்சடித்த காகிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். அவர் மில் இருக்கிறது. தண்ணீர் இறைக்கும் மோட்டார் இருக்கிறது. குளிர்பதனக் கிடங்கு இருக்கிறது. செங்கல் அறுக்கும் மெஷின்கூட இருக்கிறது. ஐஸ் இல்லை. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே தேடிவிட்டேன். அத்தான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினார். இல்லை. எங்களுக்குப் பகல் கட்டணமும் கிடையாது, சாயங்காலத்துக்குக் கூட்டியதை மட்டும் கட்ட வேண்டும். பழைய நிலைமையே மேல் என்று ஆகிவிட்டது.

எந்த மகானுபாவன் இதைச் செய்தான்? உப்புத்தண்ணீர்த் தொட்டியைக் கண்ணால் பார்த்திருப்பானா? காய்கறியைக் குளிர வைத்தால் நாட்டுக்கு நல்லதாம், தண்ணீரைக் குளிர வைத்தால் கெட்டதாம். ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்க்கிறார்கள். பகலுக்கு மாறப்போகிறோம், ராத்திரி எல்லோரும் வீட்டில் தூங்கலாம் என்று நான்தான் ஆசை காட்டியிருந்தேன்.

நீ எழுதிக் கொடுத்ததில் ஐஸ்தான் எல்லாவற்றுக்கும் மேல் என்றாய். மேலே இருந்தவர்கள் யாரோ அடித்துவிட்டார்களா? யார், ஏன் என்று எழுது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அக்கா

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். கடைவாய்ப் பல் ஒன்று பாடாய்ப் படுத்துகிறது. சூடாகக் குடித்தாலும் வலி, குளிராகக் குடித்தாலும் வலி. இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. எங்கள் தெருவில் குழாய்க்குத் தோண்டிய பள்ளத்தை இன்னும் மூடவில்லை, குட்டிப்பெண் அதைத் தாண்டித் தாண்டிப் பள்ளிக்கூடம் போகிறாள். அவளுக்குக் கணக்கு நன்றாக வருகிறது.

வரைவைப் பற்றி நான் எதுவும் எழுதுவது முறையாகாது. ஆட்சேபம் உள்ளவர்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் நேரில் வந்து சொல்லலாம். உங்கள் மாவட்டத்துக்கு மே மாதம் வருகிறார்கள்.

அத்தானை முதுகைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

தம்பி

ஏப்ரல் 12

தம்பிக்கு,

சுகம். உன் பல்லுக்கு என் அனுதாபம். உன் தெருப் பள்ளத்துக்கும்தான்.

ஐஸை யார் எடுத்தது என்று கேட்டிருந்தேன். நீ பல்லைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். சின்ன வயசில் நீ எதையாவது உடைத்துவிட்டால் இப்படித்தான், கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்வாய்.

கருத்துக் கேட்புக்கு நான் வருகிறேன். மேடையில் நீயும் உட்கார்ந்திருப்பாய் அல்லவா? அந்தச் சாக்கிலாவது உன்னைப் பார்க்கலாம்.

அக்கா

ஏப்ரல் 25

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் தம்பி மனைவி எழுதுகிறேன். நீங்களும் அண்ணனும் நலமாக இருக்க வேண்டும். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் இன்னும் ரெண்டு நாள் சாப்பிட மாட்டார், அவ்வளவுதானே. இப்போதும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

பல்வலி நிஜம். ஆனால் பல்லை மட்டும் பிடுங்கினால் தீருகிற வலி இல்லை இது. பிப்ரவரியில் ஒரு நாள் ஆபீசிலிருந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்து மேஜைக்காரர் பத்துப் பேர் முன்னால், "என்ன சார், உங்க அக்காவுக்காகவே ஒரு சட்டம் எழுதுறீங்களாமே" என்று கேட்டாராம். கேட்டவர் விளையாட்டுக்குத்தான் கேட்டிருப்பார். இவருக்குத்தான் விளையாட்டு என்பது அகராதியிலேயே கிடையாதே. மறுநாள் வரைவை வீட்டுக்குக் கொண்டுவந்து நெடுநேரம் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். என்ன எழுதினார், என்ன அடித்தார் என்று நான் பார்க்கவில்லை. பார்க்காததை நான் சொல்லக் கூடாது.

இன்னொன்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் ஊருக்கு வராததற்கு வேலை காரணம் இல்லை. இந்த ஆணையத்துக்கு மாற்றிய நாளிலிருந்து, மின்சாரத்தை நம்பித் தொழில் செய்கிற வீட்டில் போய்த் தங்கினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று அவராகவே ஒரு வேலி போட்டுக்கொண்டார். போன வாரம் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, "அக்கா வீட்டுக்குப் போகாம இருந்தாப் போதும்னு நெனச்சேன், பத்தல" என்று மட்டும் சொன்னார். நான் நன்றாகத் திட்டிவிட்டேன். நேர்மையாக இருங்கள், ஆனால் உங்களுக்கு ஒரு அக்காதான் இருக்கிறாள் என்றேன்.

மே மாதக் கூட்டத்துக்கு அவர் வர மாட்டார். அன்றைக்குப் பல் பிடுங்கிக்கொள்வதாக லீவு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

நான் எழுதியதைக் காட்டிக் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் அன்புள்ள,
தம்பி மனைவி

மே 11

என் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் சுகம். உன் வாய் எப்படி இருக்கிறது?

நேற்றுக் கூட்டம் நடந்தது. நான் போய்ப் பேசிவிட்டு வந்துவிட்டேன். ஆபீஸில் யாராவது உன் காதில் போடுவதற்குள் நானே எழுதிவிடுகிறேன். உட்கார்ந்து படி.

மண்டபம் நிறைய ஆள். மேடையில் தலைவர் அம்மாவும் இரண்டு உறுப்பினர்களும். மில்காரர் எழுந்து நன்றி சொன்னார். செங்கல்காரர் நன்றி சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் குறைத்தால் நன்றாக இருக்கும் என்றார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள். கம்பெனி பெயரைச் சொல்லிவிட்டு, மைக்கைக் கையில் பிடித்தபடி, "மேற்கொண்டு பேசறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். இந்த வரைவை எழுதினவர் என் கூடப் பிறந்த தம்பி" என்றேன்.

மில்காரர் நாற்காலியோடு திரும்பி என்னைப் பார்த்தார். தலைவர் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சொல்லுங்க" என்றார்.

"ஐஸ் ஏன் விட்டுப்போச்சுன்னு யாரும் எனக்குச் சொல்லல. ஆனா என் தம்பிய எனக்குத் தெரியும். நான் அவனுக்கு அக்காங்கறதாலதான் விட்டுப்போச்சு. நான் அக்காங்கறதால எனக்கு ஒண்ணும் தர வேண்டாம். அதுக்காகவே என்கிட்டருந்து எதையும் பிடுங்கவும் வேண்டாம். இந்தக் கரையில ஐஸ் போடறவங்க நான் ஒருத்தி மட்டுமில்ல. உங்களுக்குச் சந்தேகமா இருந்தா என் கம்பெனிய விட்டுட்டு மத்த எல்லாருக்கும் கொடுங்க."

அப்போதுதான் ஒரு கூத்து. வடக்குத்துறை ஐஸ் கம்பெனிக்காரரும் நானும் இரவல் டப்பா விஷயத்தில் பேச்சுவார்த்தையை நிறுத்தி எத்தனையோ வருஷமாகிறது. அந்த மனுஷன் பின்வரிசையிலிருந்து எழுந்து, "அப்படியெல்லாம் பண்ணிடாதீங்கம்மா! அவங்க கம்பெனிய மூடிட்டா படகுக்காரங்க மொத்தப் பேரும் என் வாசல்ல வந்து நிப்பாங்க, என்னால தாங்க முடியாது. அவங்களுக்கும் சேத்தே கொடுங்க" என்றார். மண்டபமே சிரித்தது. தலைவர் அம்மாவும் சிரித்துவிட்டார்.

பிறகு அவர் ஒரு விஷயம் சொன்னார். "முதல்ல எங்க ஆபீஸ் கூட்டத்துக்கு வந்த வரைவுல ஐஸ் இருந்துச்சு. அச்சுக்குப் போனதுல இல்ல. ஏதாவது தொழில்நுட்பக் காரணம் இருக்கும்னு நெனச்சு நாங்களும் கேக்காம விட்டுட்டோம். உங்களால சாயங்காலம் உண்மையிலேயே நிறுத்த முடியுமா?" நான் எல்லாவற்றையும் சொன்னேன். பலகையைத் தூக்கித் தூக்கிப் பார்த்து ஓட்டை பாராக எடுத்ததையும் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்கள்.

பேசும்போது இருந்த தைரியம் பஸ்ஸில் ஏறியதும் போய்விட்டது. உன் வேலைக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று வழியெல்லாம் புலம்பினேன். அத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். உன்னைக் கேட்காமல் உன் பெயரை இழுத்தது தப்பென்றால் தப்புதான். ஆனால் வேறு எப்படிச் சொல்லியிருந்தாலும் அது பொய்யாக இருந்திருக்கும்.

எனக்கு ஐஸுக்காகக் கோபம் இல்லை, தம்பி. கட்டடத்தைக் கொடுத்துவிட்டு வேறு எதையாவது செய்து பிழைத்துக்கொள்வேன். என் வீட்டுப் படியேறினால் உன் பெயர் கெட்டுவிடும் என்று நீ நினைத்தாயே, அதைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. இதை எனக்கு யார் சொன்னார்கள் என்று ஆராயாதே. ஐந்து வருஷம் வராத தம்பியைப் பற்றி யோசிக்க எனக்கு நேரமா இல்லை?

அக்கா

ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நாங்கள் மூவரும் சுகம். பல்லை நிஜமாகவே பிடுங்கிவிட்டார்கள். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

ஒரு மாதமாகப் பதில் எழுதாமல் இருந்ததற்கு இந்தத் தடவை சாக்கு எதுவும் இல்லை. ஒவ்வொரு நாளும் எழுத உட்கார்ந்தேன். வெட்கமாக இருந்தது.

கூட்டம் முடிந்து திரும்பிய மறுநாளே தலைவர் அம்மா கூப்பிட்டார். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டுதான் உள்ளே போனேன். உட்காரச் சொன்னார். "உங்க அக்கா மைக்ல சொன்னத நீங்க ஜனவரியிலேயே என்கிட்ட சொல்லியிருந்தா, ஐஸை மட்டும் இன்னொருத்தர்கிட்ட கொடுத்திருப்பேன். ஒரு கையெழுத்துல முடிஞ்சிருக்கும்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் விடவில்லை. "உங்க அக்காவுக்கு நல்லது பண்ணினா தப்புன்னு தெரிஞ்ச உங்களுக்கு, உங்க அக்காவால ஊர்ல இருக்கற ஐஸ்காரங்க எல்லாருக்கும் கெட்டது பண்ணினா அதுவும் தப்புன்னு தெரியலையா?" இனி ஐஸ் பக்கம் நான் தலை வைத்தும் படுக்கக் கூடாது என்று அந்தப் பகுதியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். அவர் உங்கள் கரைக்கும் இன்னும் சில கரைகளுக்கும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதினார்.

இன்று ஆணை வெளியாகிவிட்டது. ஐஸ் பட்டியலில் இருக்கிறது. நான் அதில் ஒரு எழுத்துகூடத் தொடவில்லை. எல்லா ஐஸ் கம்பெனிகளும் சாயங்காலம் நிறுத்தினால், பழைய கரி நிலையங்களில் ஒன்றையாவது எழுப்பாமல் விடலாம் என்று கணக்குச் சொல்கிறது. நான் அடித்துவிட்டிருந்தது உன் கம்பெனியை மட்டும் இல்லை, அந்தப் புகையையும் சேர்த்து ஊர் தலையில் கட்டியிருந்தேன்.

பேனாவால் அந்த வரியை அடித்தபோது, நான் எவ்வளவு நேர்மையானவன் என்று எனக்கே பெருமையாக இருந்தது. அது நேர்மை இல்லை, அக்கா. பக்கத்து மேஜைக்காரரின் சிரிப்புக்குப் பயந்தேன், அவ்வளவுதான். அந்தப் பயத்தில் உன்னையும் ஐந்து வருஷம் தள்ளி வைத்துவிட்டேன். எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

அடுத்த வாரம் குட்டிப்பெண்ணுக்கு லீவு. நாங்கள் வரட்டுமா?

தம்பி

ஜூன் 13

என் செல்லத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. எல்லோரும் சுகம், அதிலும் அத்தான் ரொம்பச் சுகம். ஆணை வந்த அன்றைக்கே கிடங்குக்காரரிடம் அவரே போய், கட்டடம் கிடையாது என்று சொல்லிவிட்டு வந்தார். நான் போகிறேன் என்று கிளம்பினேன், "இத நான் சொன்னாத்தான் நல்லாருக்கும்" என்றார். வரும் வழியில் புது பெல்ட் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். அதைக் கட்டியும்கொண்டார்.

வரட்டுமா என்று கேட்டு எழுதியிருக்கிறாயே, உனக்குக் கொஞ்சமாவது வெட்கம் இருக்கிறதா? அக்கா வீட்டுக்கு வர அனுமதிக் கடிதம் வேறு வேண்டுமா? கிளம்பி வா. உன் பெண்டாட்டியையும் பெண்ணையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வா. உன் பெண்டாட்டிக்கு நான் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது, எதற்கு என்று கேட்காதே.

புதுக் கட்டணம் ஒன்றாம் தேதியிலிருந்துதான் என்றாலும் இப்போதே பகலுக்கு மாறிவிட்டோம். மெஷின்காரருக்குத்தான் கஷ்டம். இத்தனை வருஷம் ராத்திரி விழித்தே பழகியவர், இப்போது வீட்டில் தூக்கம் வராமல் தன் மனைவியிடம் மெஷினைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறாராம். அந்த அம்மாள் என்னிடம் வந்து, பழையபடி ராத்திரி வேலையே கொடுத்துவிடுங்கள் என்று கெஞ்சிவிட்டுப் போனாள்.

வருவதற்கு முன் ஒன்று மட்டும் தெரிந்துகொள். உன் அக்கா உன் பெயரை மைக்கில் சொன்னது துறை முழுக்கப் பரவிவிட்டது. மற்றதெல்லாம் ஒருவர் காதிலும் ஏறவில்லை. 'ஐஸம்மாவோட தம்பி பெரிய ஆபீசராம், அக்காவுக்காகச் சட்டத்தையே மாத்திட்டாராம்' என்றுதான் பேச்சு. நானும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். நீ பஸ்ஸை விட்டு இறங்கியதும் படகுக்காரர்கள் வந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள். உன்னை மாதிரி ஒரு தம்பி எங்களுக்கு இல்லையே என்பார்கள். வடக்குத்துறைக்காரர் மாலையே வாங்கி வைத்திருப்பதாகக் கேள்வி.

விளக்கம் சொல்ல ஆரம்பிக்காதே. கழுத்தை நீட்டி வாங்கிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு சிரி. நீ செய்ததற்கு நான் கொடுக்கும் தண்டனை அவ்வளவுதான்.

அக்கா